கடையாணியும் கலர் நட்டும்

அரூரிலிருந்து தீர்த்தமலைக்கு 16 கிலோமீட்டர். அதில் 14-ஐ ஒழுங்காகக் கடந்துவிட்டோம். மிச்சம் 2 கிலோமீட்டருக்கு மூன்று மணி நேரம் பிடித்தது.

கார், என் அக்கா மகனுடையது. சின்னக் கார்தான். ஆனால், கல்யாணத்துக்கு இருக்கிற பெண்ணுக்கு நகை சேர்க்கிற மாதிரி மாசத்துக்கு ஒன்று வாங்கிப் போடுவான். போன மாசம் அலாய் வீல். இந்த மாசம், அந்த வீலைப் பிடித்துக்கொண்டிருக்கிற நட்டு! கம்பெனி கொடுத்த ஸ்டீல் நட்டு ரொம்ப வெயிட்டாம். எல்லாவற்றையும் கழற்றிப் போட்டுவிட்டு, மயில் கழுத்து நீலத்தில் அலுமினிய நட்டுகளை மாட்டியிருந்தான். டப்பாவில் மிச்சமிருந்த ஒன்றை என் உள்ளங்கையில் வைத்து, ''எப்படி இருக்கு மாமா?'' என்றான். பொய் சொல்லக்கூடாது... கொட்டைப்பாக்கைக் கையில் வைத்த மாதிரிதான் இருந்தது.

''சக்கரத்துல ஒரு கிராம் குறைஞ்சாலும் பிக்கப் எகிறும் மாமா!''

நான் தலையாட்டினேன். பின்சீட்டில் அக்காவும் அவளுடைய மூணு வயசுப் பேத்தியும். மாசி மாசம். தேர் பார்க்கப் போய்க்கொண்டிருந்தோம்.

பின்சக்கரம் பஞ்சர். அதிலொன்றும் அதிசயமில்லை. ஸ்டெப்னி இருந்தது, ஜாக்கி இருந்தது, வீல் ஸ்பேனரும் இருந்தது. ஆனால், ஸ்பேனர் நட்டில் உட்காரவில்லை. இந்தக் கலர் நட்டுக்கு வழக்கமான ஆறு பட்டை கிடையாது. சுற்றிலும் பல் பல்லாக இருக்கிறது. திருடன் கழற்றக்கூடாது என்று அதற்குத் தனியாக ஒரு சாவி. அந்தச் சாவி எங்கே என்கிறீர்களா? வீட்டு ஷோகேஸில், பத்திரமாக!

பொழுது சாய்கிற நேரத்துக்கு ஒரு டி.வி.எஸ். 50-யில் பஞ்சர் கடைப் பெரியவர் வந்து சேர்ந்தார். எழுபது வயசு இருக்கும். டார்ச் அடித்துப் பார்த்தார். ''என்ன சார் இது... பொம்மைக் கார் நட்டா?'' என்றார். அவருடைய அப்பா மாட்டு வண்டி செய்கிற ஆசாரியாம். சக்கரத்தடியில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தபடி அவர் சொன்னதுதான் என்னை இத்தனை பக்கம் எழுத வைத்தது:

''வண்டியில கடையாணி விழுந்துட்டா, பக்கத்துல இருக்கிற வேலாமரத்துல ஒரு குச்சியைச் சீவி அடிச்சு வீடு வந்து சேர்ந்துடுவோம் சார். இதுக்கு என்னத்த அடிக்கிறது?''

யோசித்துப் பாருங்கள். அவர் கேட்டது சின்னக் கேள்வி இல்லை. சக்கரத்தை அச்சில் நிறுத்துவதற்கு மனுஷன் இரண்டே இரண்டு வழிதான் கண்டுபிடித்திருக்கிறான். ஒன்று குச்சியால் முடிகிற வேலை. இன்னொன்று முடியாத வேலை.

முதல் வழியைப் பார்ப்போம். மாட்டு வண்டிச் சக்கரத்தைக் கிட்டத்தில் பார்த்தவர்கள் இப்போது குறைந்துவிட்டார்கள். நடுவில் குடம். குடத்திலிருந்து கிளம்பும் ஆரக்கால்கள். ஆரக்கால்களைச் சுற்றி வட்டை. வட்டைக்கு மேலே, பழுக்கக் காய்ச்சி மாட்டித் தண்ணீர் ஊற்றி இறுக்கிய இரும்புப் பட்டா. குடத்தின் துளைக்குள் இருசு நுழைந்து வெளியே எட்டிப்பார்க்கும். அந்த நுனியில் இருக்கும் ஓட்டையில் செருகுவதுதான் கடையாணி. அச்சாணி என்றாலும் அதுதான்.

கடையாணி சக்கரத்தை இறுக்குவதே இல்லை. வாசலில் உட்கார்ந்திருக்கும் காவல்காரன் மாதிரி, 'வெளியே போகாதே' என்று தடுக்கிறது, அவ்வளவுதான். சக்கரம் இருசின் மேல் தளர்வாக, கொஞ்சம் அப்படியும் இப்படியும் ஆடிக்கொண்டு சுற்ற வேண்டும். அதற்காகத்தான் மசை போடுகிறோம். காவல்காரன் இரும்பாக இருந்தாலும் சரி, வேலாமரக் குச்சியாக இருந்தாலும் சரி, வாசலில் ஆள் இருந்தால் போதும்.

இந்தக் குட்டிச் சாமானுக்கு நம் ஊரில் இருந்த மரியாதையைச் சொல்ல வேண்டும். உருவத்தைப் பார்த்து ஆளை எடை போடாதே என்று 'வினைத்திட்பம்' அதிகாரத்தில் சொல்ல வந்த வள்ளுவர், உவமைக்குக் கூப்பிட்டது அச்சாணியைத்தான். சென்னையிலிருந்து திருச்சி போகிற ஜி.எஸ்.டி. ரோட்டில் அச்சிறுபாக்கம் என்று ஓர் ஊர் வருமே, அந்தப் பெயருக்கே அச்சு இற்ற ஊர் என்றுதான் தலபுராணம் அர்த்தம் சொல்கிறது. முப்புரம் எரிக்கக் கிளம்பிய சிவபெருமான் பிள்ளையாரைக் கும்பிட மறந்துவிட்டாராம். பிள்ளை சும்மா இருப்பாரா? அப்பாவின் தேர் அச்சையே முறித்துவிட்டார்! கடவுளுக்கே ரோட்டில் பிரேக் டவுன் ஆன ஊர் உலகத்தில் வேறெங்கும் இருக்கிறதா, தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

தேர் என்றதும் திருவாரூர் நினைவுக்கு வருகிறது. 1926-ல் எரிந்து, 1930-ல் புதிதாக ஓடி, 1948-க்குப் பிறகு நிலையிலேயே நின்றுவிட்ட ஆழித்தேர், 1970-ல் மறுபடி ஓடியது. அதற்கு இரும்புச் சக்கரமும், அச்சும், ஹைட்ராலிக் பிரேக்கும் செய்து கொடுத்தது திருச்சி 'பெல்' தொழிற்சாலை. பாய்லர் செய்கிறவர்கள் தேர்ச் சக்கரம் செய்தார்கள். அழகான கதை, அதை இன்னொரு வாரம் வைத்துக்கொள்ளலாம்.

இப்போது காருக்கு வருவோம்.

ஆரம்ப காலக் கார்களில் சக்கரம் சுலபமாகக் கழன்று வராது. பஞ்சர் ஆனால் நடுரோட்டில் உட்கார்ந்து, சக்கரம் காரிலேயே இருக்க, டயரை மட்டும் நெம்பி எடுத்து ஒட்ட வேண்டும். குதிரை லாட ஆணி சிதறிக் கிடக்கிற ரோடுகளில் இது தினசரி அவஸ்தை. 1904-ல் பிரிட்டனின் வேல்ஸ் பகுதியில், லனெத்லி என்கிற ஊரில், டேவிஸ் சகோதரர்கள் ஒரு யோசனை செய்தார்கள். ஆரக்கால் இல்லாத வெறும் வளையம், அதில் காற்றடித்த டயர். பஞ்சரான சக்கரத்தின் பக்கவாட்டில் இதைக் கவ்வியால் இறுக்கிக்கொண்டு வீடு போய்ச் சேரலாம். கடை இருந்த தெருவின் பெயர் ஸ்டெப்னி தெரு. அதையே சரக்குக்கும் வைத்தார்கள். அந்தக் கம்பெனி போய்விட்டது, அந்த மாதிரி வளையமும் போய்விட்டது. ஆனால், தர்மபுரி பஞ்சர் கடையில் நீங்கள் இன்றைக்கும் 'ஸ்டெப்னி' என்றுதான் சொல்கிறீர்கள். இங்கிலாந்துக்காரனிடம் போய்ச் சொல்லிப் பாருங்கள், முழிப்பான்!

பிறகுதான் மொத்தச் சக்கரத்தையும் கழற்றி மாட்டுகிற ஏற்பாடு பரவலாக வந்தது. காரில் அச்சு முனைக்கு ஒரு வட்டத் தட்டு. அதிலிருந்து நாலைந்து ஸ்டட் நீட்டிக்கொண்டிருக்கும். சக்கரத்தை அதில் கோத்து நட்டைத் திருகினால் முடிந்தது. பார்க்கச் சாதாரணம். ஆனால், இந்தத் திருகுமரை சாதாரணமாக வந்துவிடவில்லை.

ஒரு காலத்தில் ஒவ்வொரு போல்ட்டும் அதற்கென்று செய்த நட்டில் மட்டும்தான் ஏறும். மாற்றிப் போட்டால் ஏறாது. 1800-ஐ ஒட்டி லண்டனில் ஹென்றி மாட்ஸ்லி என்பவர் மரை வெட்டுகிற கடைசல் இயந்திரத்தைச் செம்மைப்படுத்தினார். அவரிடம் வேலை பார்த்த ஜோசப் விட்வொர்த், 1841-ல் 'எல்லோரும் ஒரே மாதிரி மரை வெட்டுங்கள், கோணம் 55 டிகிரி' என்று கணக்கு வகுத்துக் கொடுத்தார். அமெரிக்காக்காரன் கேட்பானா? 1864-ல் வில்லியம் செல்லர்ஸ் '60 டிகிரி' என்றார். இரண்டாம் உலகப் போரில் இரண்டு நாடும் ஒரே பக்கம் நின்று சண்டை போட்டன. துப்பாக்கி ஒத்துப்போனது, நட்டு ஒத்துப்போகவில்லை! அமெரிக்காவும் பிரிட்டனும் கனடாவும் ஒரே மரைக்கு ஒப்புக்கொண்டு கையெழுத்துப் போட்டது 1948-ல்தான். இன்றைக்கு நம் கார்களில் இருப்பது மெட்ரிக் மரை. சின்னக் கார்களில் பெரும்பாலும் 12 மில்லிமீட்டர் ஸ்டட். ஆனால், மரைக்கு மரை இடைவெளி சில கார்களில் 1.5 மில்லிமீட்டர், சிலவற்றில் 1.25. இந்தக் கால் மில்லிமீட்டரை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். கடைசியில் தேவைப்படும்.

சரி, நட்டு என்ன செய்கிறது? கடையாணி மாதிரி வாசலில் உட்கார்ந்து தடுக்கிறதா? அப்படித்தான் நானும் ரொம்ப நாள் நினைத்திருந்தேன். நட்டின் வேலை இறுக்குவது. ஸ்பேனரைப் போட்டுத் திருகும்போது உள்ளே இருக்கும் ஸ்டட் கொஞ்சம் நீள்கிறது. ஆமாம், இரும்புதான், ஆனாலும் நீள்கிறது, சுமார் ஒரு தலைமுடி கனத்துக்கு. இழுத்துப் பிடித்த ஸ்பிரிங் மாதிரி அது திரும்பச் சுருங்கப் பார்க்கிறது. அந்தச் சுருங்குகிற பலம்தான் சக்கரத்தைத் தட்டோடு சேர்த்து அழுத்துகிறது. எவ்வளவு பலம்? 12 மில்லிமீட்டர் ஸ்டட்டில் நட்டை 100 நியூட்டன் மீட்டருக்கு முறுக்கினால் ஏறக்குறைய 4 டன். ஒரு நட்டுக்கு 4 டன்! நாலு நட்டுக்கு 16 டன். இந்த அழுத்தத்தில் தட்டுக்கும் சக்கரத்துக்கும் நடுவே உண்டாகும் உராய்வுதான் உங்கள் காரை ஓட்டுகிறது, நிறுத்துகிறது, வளைவில் திருப்புகிறது. அழுத்தம் குறைந்தால் சக்கரம் தட்டின் மேல் துளித்துளி வழுக்கும். வழுக்க வழுக்க நட்டு தானே சுழன்று கழலும்.

ஆக, குச்சியைச் சீவி வைக்க முடியாது. தடுக்கிறவன் யாராகவும் இருக்கலாம். 4 டன்னை நாள் முழுக்கப் பிடித்துக்கொண்டு நிற்கிறவன் என்ன உலோகம் என்பது ரொம்ப முக்கியம்.

பெரியவர் இதற்குள் ஒரு காரியம் செய்தார். பல் நட்டைவிடக் கொஞ்சம் சின்னதாக ஒரு பழைய சாக்கெட்டைத் தேடி எடுத்து, சுத்தியலால் நட்டின் மேல் அடித்து ஏற்றினார். அலுமினியம் மெத்தென்று விட்டுக்கொடுக்க, சாக்கெட் கவ்விக்கொண்டது. நட்டு சுழன்றது, செத்தும் போனது. இப்படி நாலு. நான் டார்ச் பிடித்துக்கொண்டு தலையைத் தூக்கினேன். எதிரே இருட்டில் தீர்த்தமலை.

ராமர் அம்பு விட்டுத் தீர்த்தம் வரவழைத்த மலை என்பார்கள். காசித் தீர்த்தம் கொண்டுவரப் போன அனுமன் லேட்டாக வந்து, கோபத்தில் வீசியடித்த கலயம் விழுந்த இடம், தென்பெண்ணை ஓரத்தில் அனுமன்தீர்த்தம். அதைப் பக்தர்கள் எல்லோரும் அறிவார்கள். பலருக்குத் தெரியாத இன்னொரு சமாசாரம் உண்டு. அந்த மலை இரும்பு மலை! 1860-களில் அன்றைய சேலம் ஜில்லாவைச் சல்லடை போட்ட புவியியல் ஆய்வாளர்கள் வில்லியம் கிங்கும் ராபர்ட் புரூஸ் ஃபூட்டும், காந்தத் தாது கிடைக்கிற மலைகளை ஐந்து கூட்டமாகப் பிரித்தார்கள். கஞ்சமலை ஒன்று, கோதுமலை ஒன்று, தீர்த்தமலை ஒன்று. (இதே ஃபூட்தான் 1863-ல் பல்லாவரத்தில் கற்கால ஆயுதத்தைப் பொறுக்கி எடுத்து, நம் ஊர் வரலாற்றைப் பல லட்சம் வருஷம் பின்னால் தள்ளியவர்.)

இந்த வட்டாரத்து இரும்புக்கு வயசு கேட்டால் மூச்சு முட்டும். தர்மபுரியிலிருந்து 2004-ல் பிரிந்த கிருஷ்ணகிரி மாவட்டத்தின் மயிலாடும்பாறையில் கிடைத்த இரும்பின் காலம் கி.மு. 2172 என்று 2022-ல் சட்டமன்றத்திலேயே அறிவித்தார்கள். சேலம் பக்கத்துக் கொல்லர்கள் தேனிரும்புத் துண்டுகளைக் களிமண் மூசையில் போட்டு, கூடவே ஆவாரங்கட்டையும் எருக்கிலையும் வைத்து மூடி, துருத்தி ஊதி உருக்குச் செய்ததை 1830-களில் ஜோசையா மார்ஷல் ஹீத் எழுதி வைத்திருக்கிறார்.

இந்த ஹீத்தின் கதை பரிதாபம். கும்பெனி உத்தியோகத்தை விட்டுவிட்டு, 1830-ல் பரங்கிப்பேட்டையில் இரும்பாலை வைத்தார். சேலம் தாது பரிசலில் ஏறி, காவிரி, கொள்ளிடம் வழியாகக் கடற்கரைக்குப் போனது. பேப்பூர், பூலாம்பட்டி, திருவண்ணாமலை என்று கிளைகள் வேறு. உலைக்குக் கரி வேண்டுமே... காடு காடாக வெட்டியும் மாளவில்லை. தாது ஒரு பக்கம், உலை ஒரு பக்கம், விறகு ஒரு பக்கம். 1839-ல் அவர், உருக்கு வார்க்கும்போது மாங்கனீஸ் சேர்த்தால் தரம் உயரும் என்று காப்புரிமை வாங்கினார். ஷெஃபீல்டு ஆலைக்காரர்கள் அதைக் கொஞ்சம் மாற்றிச் செய்து காசு பார்த்தார்கள். அவர் கோர்ட் கோர்ட்டாக அலைந்தார். ஒன்றும் தேறவில்லை. பிற்பாடு சேலத்தில் இரும்பாலை வேண்டும் என்று பெரிய குரல் எழுந்து, 1970-ல் அடிக்கல் நாட்டி, 1981-ல் உற்பத்தி தொடங்கியபோது, ஆலை உள்ளூர்த் தாதுவை உருக்கவில்லை. வெளியிலிருந்து வந்த எவர்சில்வர் தகட்டை உருட்டியது. மலைகளில் தாது 40 சதவிகிதத்தை ஒட்டித்தான் இரும்பு, மிச்சம் பெரும்பாலும் வெள்ளைக்கல். தீர்த்தமலை அப்படியே நிற்கிறது. ஒரு வகையில் நல்லதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது.

ஸ்டீலுக்குப் போட்டியாக இரண்டு உலோகம் வந்தன. இரண்டுமே ஆகாய விமானத்துக்குப் பிறந்தவை.

அலுமினியம் சுத்தமாக இருந்தால் வெண்ணெய் மாதிரி. 1906-ல் ஜெர்மனியில் ஆல்ஃபிரெட் வில்ம், கொஞ்சம் செம்பு சேர்த்து, காய்ச்சி, சட்டென்று குளிரவைத்துப் பார்த்தார். பெரிதாக ஒன்றுமில்லை. லீவு முடிந்து வந்து மறுபடி சோதித்தால், சும்மா கிடந்ததே கெட்டியாகியிருந்தது! அதுதான் துராலுமின். 1930-களில் ஜப்பானின் சுமிடோமோ இன்னும் துத்தநாகம் சேர்த்து ஒன்று செய்ய, அது 'ஜீரோ' போர் விமானத்தில் ஏறியது. அமெரிக்கர்கள் 1943-ல் கொண்டுவந்த அதே ஜாடைக் கலவைக்கு நம்பர் 7075. என் அக்கா மகனின் டப்பாவிலும் 7075 என்று பெருமையாக அச்சடித்திருந்தது. நமக்கு அலுமினியமும் அந்நியமில்லை. ஏற்காட்டிலிருந்தும் கொல்லிமலையிலிருந்தும் பாக்சைட் இறங்கி, மேட்டூர் 'மால்கோ'வில் 1965-லிருந்து 2008 வரை அலுமினியம் ஆனது.

டைட்டானியம் இன்னும் ராஜ வம்சம். நம் மணவாளக்குறிச்சிக் கடற்கரைக் கறுப்பு மணலில் கொட்டிக் கிடக்கிறது. ஆனால், மணலிலிருந்து உலோகத்தைப் பிரிப்பது யானை விலை. பக்கத்து கேரளாவில், சவராவில், அதற்கொரு ஆலை வந்ததே 2011-ல்தான், அதுவும் விண்வெளித் துறைக்காக.

இப்போது கணக்கு போடுவோம். ஒரு கன சென்டிமீட்டர் ஸ்டீல் 7.85 கிராம், டைட்டானியம் 4.5, இந்த அலுமினியம் 2.8. ஒரு ஸ்டீல் நட்டு 50 கிராம் என்று வைத்துக்கொண்டால், 16 நட்டு 800 கிராம். அதே அளவில் டைட்டானியம் போட்டால் 340 கிராம் மிச்சம். அலுமினியம் போட்டால் 510 கிராம். முக்கால் லிட்டர் பெட்ரோல் குறைவாகப் போட்டால் இதைவிட அதிகம் குறையும்!

'சுற்றுகிற எடையாச்சே, அது வேற கணக்கு' என்பார்கள் விவரம் தெரிந்தவர்கள். வாஸ்தவம்தான். சுழலும் பொருளில், மையத்திலிருந்து எவ்வளவு தூரம் என்பதன் வர்க்கத்தைப் பெருக்க வேண்டும். டயரின் வெளி விளிம்பு சுமார் 30 சென்டிமீட்டர் தள்ளி இருக்கிறது. நட்டுகளோ மையத்திலிருந்து 5 சென்டிமீட்டரில். 6 மடங்கு, வர்க்கம் 36. நட்டில் 36 கிராம் குறைப்பதும் டயர் விளிம்பில் 1 கிராம் குறைப்பதும் ஒன்று. 510-ஐ 36-ஆல் வகுத்தால் 14 கிராம், நாலு சக்கரத்துக்கும் சேர்த்து. வீல் பாலன்ஸ் பண்ணும்போது கடைக்காரர் ரிம்மில் ஒட்டுகிறாரே ஒரு துண்டு, அதுவே 5 கிராம், 10 கிராம் இருக்கும். பிக்கப் எகிறுமா என்று நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள்.

அப்படியானால் ரேஸ்காரர்கள் ஏன் அலுமினியம் போடுகிறார்கள்? அவர்களுக்கு ஒவ்வொரு கிராமும் கணக்கு, ஒரு நட்டு ஒரு பந்தயத்துக்கு உழைத்தால் போதும். அப்படியும் 2021 மே மாசம் மொனாகோ ஃபார்முலா ஒன் பந்தயத்தில் என்ன ஆனது? இரண்டாவதாக வந்துகொண்டிருந்த வால்டெரி போட்டஸ் டயர் மாற்ற நின்றார். மெர்சிடிஸ் ஆட்களின் துப்பாக்கி ஸ்பேனர் கொஞ்சம் கோணலாக விழ, நட்டின் பல் மொத்தமும் மழுங்கிப் போனது. சக்கரம் வரவே இல்லை. அவருக்கு அன்றைக்குப் பந்தயம் அத்தோடு சரி. காரை இங்கிலாந்துக்கு எடுத்துப்போய், 43 மணி நேரம் கழித்துத்தான் கழற்றினார்கள். எங்கள் பெரியவர் ஒரு சக்கரத்தை 40 நிமிஷத்தில் கழற்றிவிட்டார்!

ஸ்டெப்னி மாட்டினதும் கிளம்பிவிடலாம் என்றுதான் நினைத்தோம். பெரியவர் விடவில்லை. ஸ்பேனரின் பின்பக்கத்தால் மற்ற நட்டுகளை ஒவ்வொன்றாகத் தட்டிக்கொண்டே வந்தார். டங்... டங்... டங்... முன்பக்க இடது சக்கரத்தில் மட்டும் 'டொக்' என்றது. இரண்டாவதும் 'டொக்'.

கழற்றிப் பார்த்தால், ஸ்டட்டின் மரைக்குள் பளபளவென்று அலுமினியச் சுருள். நட்டுக்குள் மரையே இல்லை, வழவழவென்று குழாய் மாதிரி இருந்தது. வாராவாரம் சக்கரத்தைக் கழற்றிக் கழுவி, ஸ்பேனர் மேல் ஏறி நின்று முறுக்கியிருக்கிறான். மிருதுவான மரை எத்தனை தடவை தாங்கும்? பிரேக் சூட்டில் அலுமினியம் ஸ்டீலைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு விரிகிறது வேறு. நாலு நட்டில் இரண்டு, பெயருக்கு உட்கார்ந்திருந்தன. மிச்சம் இரண்டை நம்பி, பின்சீட்டில் ஒரு குழந்தையோடு, 80-ல் வந்திருக்கிறோம்.

அக்கா ஒன்றும் பேசவில்லை. அவனும் பேசவில்லை.

இத்தனைக்குப் பிறகும் இலேசான நட்டுதான் வேண்டும் என்கிறீர்களா? வாங்குங்கள். நான் பிறகு விசாரித்ததைச் சொல்கிறேன். ஸ்டீலிலேயே இலேசானது இருக்கிறது. தலை மூடாமல், சுவர் மெலிசாக, அழுத்தி உருவாக்கிய குரோமியம் மாலிப்டினம் உருக்கில் செய்தது. ஓட்டைதான் இலேசு, உலோகம் அதே பலம். டைட்டானியம் பலசாலிதான். ஆனால், மரையோடு மரை ஒட்டிப் பிடித்துக்கொள்கிற குணம் உண்டு, கழற்றும்போது ஸ்டட்டையே முறித்துக்கொண்டு வரும். உட்காருகிற இடத்தைப் பாருங்கள்: பெரும்பாலான நட்டு 60 டிகிரி கூம்பு, ஹோண்டாவின் கம்பெனி வீலுக்கு உருண்டை, டொயோட்டா அலாய் வீல் பலவற்றுக்குத் தட்டையான வாஷர். மாற்றிப் போட்டால் ஓரத்தில் மட்டும் தொட்டுக்கொண்டு நிற்கும். ஃபோக்ஸ்வாகன், ஸ்கோடா மாதிரி வண்டிகளில் நட்டே கிடையாது, போல்ட். நட்டு குறைந்தபட்சம் ஸ்டட்டின் கனத்துக்காவது மரையில் ஏற வேண்டும். 12 மில்லிமீட்டர் ஸ்டட் என்றால் எட்டிலிருந்து பத்துச் சுற்று கைக்குக் கிடைக்க வேண்டும். கார் புத்தகத்தில் முறுக்கு அளவு போட்டிருப்பான், சின்னக் கார்களுக்குப் பொதுவாக 85-லிருந்து 110 நியூட்டன் மீட்டருக்குள். டார்க் ரெஞ்ச் வைத்து அதற்கு மட்டும் முறுக்கச் சொல்லுங்கள். 50, 100 கிலோமீட்டர் ஓடியதும் இன்னொரு தடவை. மசை மட்டும் தடவாதீர்கள்! இது மாட்டு வண்டி இல்லை. மரையில் மசை இருந்தால் அதே முறுக்குக்கு ஸ்டட் அளவுக்கு மேல் இழுபடும்.

பெரியவர் டி.வி.எஸ். 50-யில் திரும்பிப் போய் ஒரு பிஸ்கட் டின்னைக் கொண்டுவந்தார். முப்பது வருஷத்துப் பழைய நட்டுகள். வெறும் விரலால் ஸ்டட்டில் ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தார். ஒரு சுற்றோடு முரண்டு பிடித்ததைத் தூக்கித் தனியே போட்டார். அதுதான் அந்தக் கால் மில்லிமீட்டர். அளவுகோல் எதுவும் அவர் கையில் இல்லை. ''விரல்லயே அஞ்சாறு சுத்து போகணும் தம்பி. போகலைன்னா அது வேற வண்டி நட்டு. ஸ்பேனர் போட்டா ஏறிடும், ஆனா உள்ள ரெண்டும் கெட்டுடும்'' என்று அவனிடம் சொன்னார். 12 தேறின. மூன்று சக்கரத்துக்கு ஆயிற்று. பின்பக்க வலது சக்கரம் தட்டியதற்கு நல்ல சத்தம் கொடுத்ததால், ''இதை நாளைக்கு அரூர்ல மாத்திக்கங்க. முப்பதுக்கு மேல போகாதீங்க'' என்றார்.

எவ்வளவு என்று கேட்டோம். ''முந்நூறு குடுங்க சார். நட்டுக்குக் காசு வேணாம், அதெல்லாம் பழசு.''

தீர்த்தமலை போய்ச் சேர்ந்தபோது மணி ஒன்பதரை. செத்துப்போன நீல நட்டுகள் பன்னிரண்டையும் அக்கா பேத்தி கேட்டு வாங்கிக்கொண்டாள். மறுநாள் தேரடியில் உட்கார்ந்து, தேர் மாதிரியே ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கிக்கொண்டிருந்தாள்.